படத்து ஹிப்னாடிசமும் அம்மாவின் ஞாபகமும்

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மா புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறார். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், பக்கத்தில் செல் விழுந்து தலையில் அடிபட்டு மயங்கியவர். கண் விழித்தபோது கூடவே நின்ற அண்ணாவைக் காணவில்லை. இடையில் போன சில மணித்தியாலம் அம்மாவின் நினைவில் இல்லை. இப்போது டவுனில் ஒருவர், ஹிப்னாடிசம் செய்து அந்த நேரத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், அண்ணா எந்தப் பக்கம் போனார், யாரோடு போனார் என்பதை அம்மாவின் வாயாலேயே சொல்லவைக்கலாம் என்கிறார். மூன்று தரம் வரவேண்டுமாம், ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனிக் காசு. படத்தில் காட்டுவது மாதிரி இது உண்மையில் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்காது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காசு வீணாகும் என்பது சின்ன விஷயம், அம்மாவிடம் இன்றைக்கு மிச்சமிருக்கிற உண்மையான ஞாபகமும் அங்கே கெட்டுப்போகலாம் என்பதுதான் என் பயம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள். நான் மருத்துவர் இல்லை. போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம் காலத்திலிருந்து வன்னியில் உளவளத்துணை வேலை செய்கிறேன், ஹிப்னாடிசம் பழக்குகிற வகுப்புகளில் இருந்திருக்கிறேன், ஒருமுறை எனக்கே செய்வித்தும் பார்த்திருக்கிறேன்.

படங்களிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் எங்கள் சனத்துக்கு ஹிப்னாடிசம் என்ற சொல் பழக்கமானதே அங்கேதான். கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றர் வைத்து, வாடகை டெக்கில் விடிய விடிய மூன்று படம் பார்த்த ஊர்கள் இவை. அதில் ஏதாவதொன்றில் ஒரு டொக்டர் வருவார், சங்கிலியில் தொங்குகிற மணிக்கூட்டை ஆட்டுவார், "உங்கள் கண்கள் பாரமாகின்றன" என்பார், கதிரையில் இருக்கிறவரின் தலை சாயும், உடனே பழைய கதை ஒரு காட்சி விடாமல் திரையில் ஓடும், கொலைகாரனின் சட்டை நிறம் உட்பட. அப்புறம் 2011 இல் 'ஏழாம் அறிவு' வந்தது. அதில் வில்லன் கண்ணை உற்றுப் பார்த்தால் போதும், தெருவில் போகிற முன்பின் தெரியாத ஆள்கூட அவன் நினைத்தபடி அடிக்கிறான், கொல்கிறான். நோக்குவர்மம் என்ற சொல் எங்கள் பிள்ளைகளின் வாயில் ஏறியது அதோடுதான். அந்த வருசத்துக்குப் பிறகு ஒருநாள், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, வகுப்பில் ஒருத்தன் தன்னை அப்படிப் பார்க்கிறான், இரவில் நித்திரை வருகுதில்லை என்று அழுதது. அந்தப் பிள்ளைக்கு அது பொழுதுபோக்குப் படமாக இருக்கவில்லை.

இந்தக் கண்-சக்திக் கதை தமிழ்ப் படத்தில் பிறந்ததில்லை. 1894 இல் ஜோர்ஜ் டு மோரியே என்பவர் எழுதிய 'டிரில்பி' நாவலில் ஸ்வெங்காலி என்றொரு ஆள் வருவான். சுருதியே பிடிக்கத் தெரியாத ஒரு பெண்ணை வசியம் செய்து உலகப் புகழ் பாடகி ஆக்குவான், அவன் செத்ததும் அவளுக்குப் பாட்டு வராது. 1920 இல் ஜேர்மனியில் வந்த மௌனப்படம் 'டொக்டர் கலிகாரியின் அறை'யில், பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கிற ஒரு இளைஞனை எழுப்பிக் கொலை செய்ய அனுப்புவார்கள். நூறு வருசமாக உலகம் முழுக்கப் படமெடுக்கிறவர்கள் இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: சக்தி வாய்ந்த ஒருவன், அவன் கையில் பொம்மையான இன்னொருவர்.

நாவலும் படமும் இதை எடுத்த இடம் இன்னும் பழையது. வியன்னாவில் வைத்தியம் செய்த மெஸ்மர், தன் உடம்பிலிருந்து ஒருவிதக் காந்தம் பாய்ந்து நோயைத் தீர்க்கிறது என்று நம்பினார், 1778 இல் பாரிசுக்கு வந்து பெரிய பேர் எடுத்தார். 1784 இல் பிரெஞ்சு அரசர் விசாரிக்கச் சொல்லி ஒரு குழுவைப் போட்டார். அதில் பெஞ்சமின் பிராங்ளின் இருந்தார், வேதியியல் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த லவோசியே இருந்தார். அவர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். பிராங்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் "காந்தம் ஏற்றினார்". பிறகு 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாகக் கொண்டுபோய்க் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். அவன் காந்தம் ஏற்றாத ஒரு மரத்தடியில் மயங்கி விழுந்தான். மயக்கம் உண்மை, ஆனால் மரத்தில் ஒன்றும் இல்லை. இந்த வேலையைச் செய்தது கற்பனைதான் என்று குழு எழுதிவைத்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களில் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியவர் அபே ஃபாரியா. 1756 இல் கோவாவில் பிறந்த பாதிரியார், எங்கள் பக்கத்து மனுசர். 1813 இல் பாரிசில் எல்லாருக்கும் முன்னால் செய்து காட்டினார். என்னிடம் ஒரு சக்தியும் இல்லை, இந்த நிலை அதற்குள் போகிறவரிடம் இருந்தே வருகிறது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இருநூறு வருசம் கழித்து இன்றைக்கு ஆய்வுகூடங்களில் இருக்கிறவர்களும் வேறு சொற்களில் அதையே சொல்கிறார்கள். படம் எதைத் தலைகீழாகக் காட்டுகிறது என்று ஒரே வரியில் கேட்டால் என் பதில் இதுதான்: படத்தில் சக்தி பார்க்கிறவனின் கண்ணில் இருக்கிறது, உண்மையில் திறமை இருப்பது கதிரையில் இருக்கிறவரிடம்.

ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பியவர் மான்செஸ்டரில் சத்திரசிகிச்சை செய்த ஜேம்ஸ் பிரெய்ட், 1840களில். கிரேக்கத்தில் நித்திரைக்கு உள்ள சொல்லிலிருந்து எடுத்தது. பிறகு, இது நித்திரையே இல்லை என்று அவருக்கே விளங்கிப் பெயரை மாற்றப் பார்த்தார், அதற்குள் பெயர் ஊரெல்லாம் ஏறிவிட்டது. அவர் செய்ததும் மணிக்கூடு ஆட்டுகிற வேலை இல்லை. மினுங்குகிற ஒரு சின்னப் பொருளை நெற்றிக்கு மேலே அசையாமல் பிடித்து, அதையே பார்க்கச் சொல்வார், கண் களைத்துத் தானாக மூடும்.

சரி, உண்மையில் என்னதான் நடக்கிறது? எனக்கு நடந்ததையே சொல்கிறேன். சாதாரணக் கதிரை, வெளிச்சமான அறை, வெளியில் ஓட்டோச் சத்தம் எல்லாம் கேட்கிறது. பழக்குகிறவர் மெதுவாகக் கதைத்தார், மூச்சைக் கவனிக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், தோளையும் கையையும் தளர்த்தச் சொன்னார். பிறகு, வலது மணிக்கட்டில் ஒரு பலூன் கட்டியிருக்கிறது, அது மேலே இழுக்கிறது என்று நினைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கை எழும்பியது. பலூன் இல்லை என்று எனக்கு நல்லாகவே தெரியும், கையைக் கீழே போட நினைத்திருந்தால் போட்டிருக்கலாம், ஆனாலும் எழுப்புகிறது நான் இல்லை என்கிற மாதிரி ஒரு உணர்வு. அவ்வளவுதான் ஹிப்னாடிசம். முழு விழிப்பு, கவனம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது, சொல்லப்பட்டதை உடம்பும் மனமும் தானாக நடக்கிற மாதிரி ஏற்றுக்கொள்கின்றன. மூளை அலைகளை அளந்து பார்த்தால் அது நித்திரையின் அலை கிடையாது. செய்கிறவர் பாதியில் எழும்பிப் போய்விட்டாலும் ஒருவரும் "உள்ளே மாட்டிக்கொள்ள" மாட்டார்கள், கொஞ்ச நேரத்தில் தாங்களே கண் திறப்பார்கள், களைப்பாக இருந்தால் வழமையான நித்திரை கொண்டுவிட்டு எழும்புவார்கள்.

இது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைக்காதீர்கள். முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்திருப்பீர்கள். கண்ணகியாக ஆடுகிறவர் யாருடைய மகன், எந்த வயலில் வேலை செய்கிறவர் என்று முன்வரிசையில் இருக்கிற ஆச்சிக்குத் தெரியும். ஆனால் கண்ணகி நீதி கேட்டு வருகிற கட்டத்தில் அதே ஆச்சி கையெடுத்துக் கும்பிடுகிறார், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. தெரிவதும் நம்புவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அப்படி ஒன்றில் மூழ்கிப்போகிற தன்மை சிலரிடம் கூட, சிலரிடம் குறைவு. இதை அளக்க 1959 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வைற்சன்ஹோபர், ஹில்கார்ட் என்ற இருவர் 12 சின்னச் சோதனைகள் கொண்ட ஒரு அளவுகோல் செய்தார்கள். ஏறக்குறைய 100 பேரில் 10 தொடக்கம் 15 பேர் ஆழமாகப் போவார்கள், கிட்டத்தட்ட அதே அளவு ஆட்களுக்கு ஒன்றுமே நடக்காது, மிச்சப் பேர் நடுவில். ஒருமுறை அளந்தவர்களையே 25 வருசம் கழித்துத் திரும்ப அளந்து 1989 இல் வெளியிட்டார்கள், மதிப்பெண் பெரிதாக மாறியிருக்கவில்லை. ஆகவே "நான் யாரையும் ஆழத்துக்குக் கொண்டுபோவேன், மூன்று தரம் வந்தால் சரி" என்று ஒருவர் சொன்னால் அவர் தன் தொழிலின் அரிச்சுவடியையே படிக்கவில்லை.

அப்படியானால் ஒருவரைக் கொண்டு விருப்பமில்லாததைச் செய்விக்கலாமா? மார்ட்டின் ஓர்ன் என்ற மனநல ஆய்வாளரும் அவருடைய சகாவும் 1965 இல் இதைச் சோதித்தார்கள். ஹிப்னாடிசத்தில் இருந்தவர்களிடம் பாம்பைப் பிடிக்கச் சொன்னார்கள், அமிலத்தில் கை வைக்கச் சொன்னார்கள், அமிலத்தை உதவியாளர் மீது வீசச் சொன்னார்கள் (யாருக்கும் ஆபத்து வராத ஏற்பாடு முன்னமே இருந்தது). பெரும்பாலானோர் செய்தார்கள். பார்த்தால் படம் சரி என்றுதான் தோன்றும். ஆனால் ஹிப்னாடிசத்தில் இருப்பது போல நடிக்கச் சொன்னவர்களும் அதையே செய்தார்கள், ஹிப்னாடிசமே இல்லாமல் வற்புறுத்திக் கேட்கப்பட்டவர்களிலும் பலர் இணங்கினார்கள். ஏனென்று விசாரித்தால், பல்கலைக்கழகத்தில் வைத்து எங்களுக்குக் கெடுதல் நடக்க விடமாட்டார்கள் என்று தெரியும் என்றார்கள். ஆட்டிவைத்தது அந்த நம்பிக்கைதான். மேடையில் ஆட்களைக் கோழி மாதிரிக் கூவ வைக்கிறவர்களும் இதைத்தான் பாவிக்கிறார்கள். முதலில் எல்லாரையும் கையைக் கோர்க்கச் சொல்லி, பிரிக்க முடியாமல் நிற்கிறவர்களை மட்டும் மேடைக்கு எடுப்பார்கள், மேடைக்கு வந்தவருக்குச் சபைக்கு முன்னால் "எனக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லக் கூச்சம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பஸ்ஸிலோ வீட்டு வாசலிலோ ஒருத்தி வந்து கண்ணைப் பார்த்துக் கதைத்தாள், சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன், என்னை வசியம் செய்துவிட்டாள் என்று சொல்கிற பெண்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்களை நான் ஒருநாளும் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்ததில்லை. வேகமான கதை, வீட்டில் செய்வினை இருக்கிறது என்கிற பயமுறுத்தல், யோசிக்க நேரம் கொடாமை, இவை போதும் ஒரு நல்ல மனுசரை அந்த ஐந்து நிமிடம் தடுமாற வைக்க. பிறகு வீட்டாரின் ஏச்சுக்குப் பயந்து வசியம் என்று சொல்வதும் இயல்புதான். அவர்களை ஏசாமல் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஞாபகம்.

ஞாபகம் எங்கோ உள்ளே பத்திரமாகக் கிடக்கிறது, சரியான சாவி போட்டால் அப்படியே வரும் என்பதுதான் படங்கள் எங்களுக்குப் பழக்கிய மிகப் பெரிய பிழை. மணிக்கூடு, கண், நோக்குவர்மம் எல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் துண்டு துண்டாகக் கிடப்பதை எடுத்துத் திரும்பக் கட்டுகிறது, இடைவெளி இருந்தால் கேட்டது, பார்த்தது, ஆசைப்பட்டது எதையாவது வைத்து நிரப்புகிறது. நிரப்பினது எது, முன்பு இருந்தது எது என்று பிறகு நமக்கே தெரியாது. ஹிப்னாடிசம் இந்த நிரப்பலைக் கூட்டுகிறது. 1985 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அமைத்த குழு ஆய்வுகளை எல்லாம் பார்த்து எழுதியது இதுதான்: ஹிப்னாடிசத்தில் வருகிற ஞாபகங்கள் சாதாரண ஞாபகத்தைவிட நம்பத்தகுந்தவை இல்லை, பிழையான விபரங்களும் அதில் கூடலாம், ஆனால் சொல்கிறவரின் நிச்சயம் மட்டும் கூடுகிறது. அங்கே பல மாநில நீதிமன்றங்கள் ஹிப்னாடிசத்துக்குப் பிறகு வருகிற சாட்சியத்தை ஏற்க மறுப்பதும் இதனால்தான்.

கனடாவில் 1983 இல் லோரன்ஸ், பெர்ரி என்ற இரு ஆய்வாளர்கள் செய்ததைப் பாருங்கள். ஹிப்னாடிசத்தில் ஆழமாகப் போகக்கூடிய 27 பேரை எடுத்தார்கள். போன கிழமை ஒரு இரவை அவர்களே தெரிவு செய்யவேண்டும், இரவு முழுக்க எழும்பாமல் நித்திரை கொண்ட இரவாக. ஹிப்னாடிசத்தில் வைத்து, அந்த இரவில் ஏதாவது பெரிய சத்தம் கேட்டு எழும்பினீர்களா என்று கேட்டார்கள். முடிந்து வெளியே வந்த பிறகு 13 பேர் அந்தச் சத்தம் உண்மையில் கேட்டது என்றார்கள். ஒரு சாதாரண இரவு, யாருக்கும் கவலையில்லாத ஒரு சத்தம், ஒரே ஒரு கேள்வி, அதற்கே பாதிப் பேர். உங்கள் அம்மாவோ பதினைந்து வருசத்துக்கு மேலாக அந்த ஒரு நாளையே தோண்டிக்கொண்டிருக்கிறார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸில் கண்டோம் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருப்பார், பேப்பரில் வந்த படத்தில் பின்வரிசையில் இருக்கிறது அவன்தான் என்று இன்னொருவர் காட்டியதைப் பார்த்திருப்பார், கட்டுச் சொல்கிற, அதாவது குறி சொல்கிற இடத்தில் உயிரோடு இருக்கிறான், தண்ணீருக்குக் கிட்ட என்று சொன்னதையும் மனதில் வைத்திருப்பார். இப்படி இருக்கிற ஒரு தாயைக் கண்ணை மூட வைத்து, "இப்ப மகன் எங்கே நிற்கிறார்? பக்கத்தில் யார்? என்ன உடுப்பு?" என்று கேட்டால், ஏதாவது வரும். கட்டாயம் வரும், முகத்தோடும் நிறத்தோடும் வரும், அம்மா அழுவார், கூட நிற்கிற நீங்களும் அழுவீர்கள், அது உண்மை என்று சாகும்வரைக்கும் நம்புவீர்கள். அதற்குப் பிறகு அம்மாவிடம் யார் போய்க் கேட்டாலும், அம்மா கண்ணால் கண்டது எது, அந்த அறையில் பிறந்தது எது என்று பிரிக்க ஒருவராலும் முடியாது.

அதோடு, அம்மாவின் அந்த இடைவெளி தலையில் அடிபட்டு மயங்கியதால் வந்தது. மூளை அப்படி அதிர்ந்திருக்கிற நேரத்தில் நடப்பவை பதிவதே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கசெட் கேட்ட சனம் நாங்கள், எங்களுக்கு இதைச் சொன்னால் விளங்கும்: வெறும் நாடாவை எவ்வளவு கவனமாகச் சுற்றினாலும் பாட்டு வராது. அம்மா மறந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், வீட்டிலேயே யாராவது குறை சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள். மறப்பதற்கு அங்கே ஒன்றும் பதிந்திருக்கவில்லை. அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் இத்தனை வருசமும் அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

"சின்ன வயதுக்குக் கொண்டுபோகலாம், முற்பிறவிக்குக் கொண்டுபோகலாம்" என்கிற வீடியோக்களும் இதே வகைதான். ஓர்ன் 1951 இல் ஒரு மாணவரை ஆறு வயதுக்குக் "கொண்டுபோனார்". அந்த வயதில் அவருக்கு ஜேர்மன் மொழி மட்டும்தான் தெரியும். ஆங்கிலம் விளங்குகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டபோதெல்லாம், இல்லை என்று ஜேர்மன் மொழியில் பதில் சொன்னார். விளங்காவிட்டால் எப்படிப் பதில் சொல்வது! அவர் ஏமாற்றவில்லை, மூழ்கிப்போய் ஆறு வயதுப் பிள்ளையாக வாழ்ந்து காட்டினார், ஆனால் அது இன்றைய மனம் செய்கிற ஆறு வயது.

இவ்வளவும் சொன்னதால் ஹிப்னாடிசமே பொய் என்று எடுத்துவிடாதீர்கள், அது எனக்கு மனவருத்தமாக இருக்கும். வலியில் அது செய்கிற வேலை பெரிது. 1845 இல் வங்காளத்தில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், மயக்க மருந்தே பாவனைக்கு வராத காலத்தில், இந்த முறையோடு பெரிய கட்டிகளை வெட்டி எடுத்தார். பெல்ஜியத்தில் லியேஜ் ஆஸ்பத்திரியில் 1992 இலிருந்து, தைரொய்ட் சத்திரசிகிச்சை போன்றவற்றை, அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ணி, லேசான மருந்தோடும் ஹிப்னாடிசத்தோடும் செய்கிறார்கள், ஆள் முழு மயக்கத்தில் இல்லை. 1997 இல் ஒரு ஆய்வில், 47 பாகைச் சூட்டு நீரில் கையை வைக்கவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். இந்தச் சூடு அவ்வளவு தொந்தரவாக இல்லை என்று ஹிப்னாடிசத்தில் சொன்னபோது, வலி எங்கே எவ்வளவு என்று உணர்கிற பகுதி பெரிதாக மாறவில்லை, வலியை வேதனையாக அனுபவிக்கிற பகுதியின் வேலை மாறியது. ஆகவே இது நடிப்பு இல்லை. நெடுநாளாக மருந்துக்கு அடங்காத குடல் எரிச்சல் நோய்க்கும் இங்கிலாந்தில் இதைப் பரிந்துரைக்கிறார்கள், 1984 இல் மான்செஸ்டரில் செய்த ஆய்விலிருந்து தொடங்கியது அது. படமெடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் சுவாரசியமாக இராது, வயிற்று நோ குறைந்து ஒருவர் நிம்மதியாகச் சாப்பிடுவதை யார் படமாக எடுப்பார்கள்.

கோயிலில் உரு வருவதும், அதாவது சாமி வந்து ஆடுவதும், இதுவா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாசிக்கிறவர்களில் யாராவது கேட்பார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலில் உடுக்குச் சத்தத்தோடு உரு வந்து ஆடுகிற அம்மாவையும், முதுகில் செடில் குத்தித் தூக்குக்காவடியில் தொங்குகிறவரையும் பார்த்தால், ஒரே இடத்தில் குவிந்த மனம், வலி குறைதல், தானாக நடக்கிற உணர்வு எல்லாம் அங்கேயும் உண்டு. உறவுள்ள விஷயங்கள்தான். ஆனால் அங்கே நேர்த்தி இருக்கிறது, ஊர் இருக்கிறது, அம்மாளாச்சி இருக்கிறா. அதை ஹிப்னாடிசம் என்று ஒரு சொல்லுக்குள் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டுக் கேட்கப் போகிற தாய்மாரையும் நான் தடுப்பதில்லை, அங்கே அவர்களுக்கு யாராவது காது கொடுக்கிறார்கள். மூன்று தரத்துக்குக் காசு கேட்டு, விஞ்ஞானம் என்று பேர் சொல்லி, ஞாபகத்தை எடுத்துத் தருகிறேன் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு இதில் வேறு ஆபத்தும் உண்டு. கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தி, "இப்போது நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்கள்" என்று சொன்னால், சிலருக்குப் பங்கருக்குள் இருந்த நாள் அப்படியே திரும்பிவரும், மூச்சு முட்டும், நடுங்குவார்கள், கூட இருக்கிறவரை அடையாளம் தெரியாது. பழகின ஆள் என்றால் அவர்களைக் கைபிடித்துத் திரும்ப இந்த அறைக்கு, இந்த நாளுக்குக் கொண்டுவரத் தெரியும். படம் பார்த்துப் பழகினவருக்குத் தெரியாது. ஒருவர் அப்படி எங்கோ செய்வித்துவிட்டு வந்த பிறகு, ஆறு மாதம் அவருடைய வீட்டுக்குப் போய்ப் போய் வந்திருக்கிறேன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அரச ஆஸ்பத்திரிகளில் உளநலக் கிளினிக் நடக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. அம்மாவின் நித்திரை, தலையிடி, திடுக்கிட்டு எழும்புதல் இவற்றுக்காக அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், "ஞாபகம் எடுக்க" என்று போகாதீர்கள். தலையில் அடிபட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள். அங்கே யாராவது விரலை இடமும் வலமும் அசைத்துக் கண்ணால் பின்தொடரச் சொன்னால் பயப்படவேண்டாம், அது ஹிப்னாடிசம் இல்லை. ஈஎம்டிஆர் என்பார்கள், அதிர்ச்சிக்குப் பிந்திய நோய்க்கு உலக சுகாதார நிறுவனமே 2013 இல் பரிந்துரைத்த முறைகளில் ஒன்று. அதன் நோக்கம் இருக்கிற ஞாபகத்தின் வேதனையைக் குறைப்பது, இல்லாததைத் தேடிப் பிடிப்பதற்கு அதில் இடமில்லை. வீட்டில் செய்வதற்கு, மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் எங்கள் சனத்தோடு வேலை செய்து காட்டின வழிகள் இருக்கின்றன: சாந்தியாசனம் (உடம்பைத் தளர்த்திப் படுத்திருப்பது), மூச்சோடு ஓம் சொல்வது, வேதக்காரர் என்றால் செபமாலை, இஸ்லாமியர் என்றால் திக்ர். கண்ணை மூடினால் பயம் வருகிறது என்றால் திறந்தபடியே செய்யலாம். இரவில் யாருக்காவது கதைக்கவேண்டும் போல இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள், தமிழிலும் கதைக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். அம்மா நல்ல மனநிலையில் இருக்கிற ஒரு பின்னேரம், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். செல் விழ முன்னர் என்ன நடந்தது, கண் விழித்தபோது என்ன கண்டார் என்று அவரைச் சொல்லவிடுங்கள். இடையில் கேள்வி போடாதீர்கள், அங்கே நின்றிருப்பானோ, இன்னாரோடு போயிருப்பானோ என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். அம்மா சொன்ன சொல்லையே எழுதுங்கள், தெரியாது என்று சொன்னால் தெரியாது என்றே எழுதுங்கள். மற்றவர்கள் வந்து சொன்ன கதைகளை வேறு பக்கத்தில், யார் எப்போது சொன்னது என்று பேரோடு எழுதுங்கள். இரண்டுக்கும் திகதி போட்டு, ஒரு போட்டோப் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். அண்ணாவைப் பற்றி நாளைக்கு யார் வந்து விசாரித்தாலும் கையில் கொடுக்க அந்தக் கொப்பி இருக்கும். அம்மா அழுதால் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள், மிச்சத்தை இன்னொரு நாளைக்கு எழுதலாம்.